மடங்கக் கூடாத நேரம்

கங்காதர நெல்லூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சென்ற ஆடி மாதம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது தம் வலக்கைச் சுட்டுவிரலை வெட்டிக்கொண்டார். நான்கு தையல். காயம் ஆறிவிட்டது, விரல் நுனியில் உணர்ச்சி மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. முப்பதாண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த விரல் அது. எழுபதை நெருங்கும் வயதில் இனிக் கத்தியும் வேண்டாம், தோட்டத்து வேலையும் வேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. மருமகள் கத்தியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்.

வீட்டார் குற்றம் சாட்டியது இரண்டை: ஒன்று அவருடைய முதுமை, மற்றொன்று கத்தியின் கூர்மை. ஆசிரியர் இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பை அப்படியே ஏற்கவும் இல்லை. பேரனை விட்டுப் பரணிலிருந்து கத்தியை இறக்கச் சொல்லி, சுவடியைப் பாடபேதம் பார்ப்பவரின் பொறுமையோடு அதை ஆராய்ந்தார்.

அது திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கடையில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடக்குக் கத்தி. விரித்த அலகை நிறுத்தி வைப்பது, பிடியின் முதுகில் உள்ள எஃகு வில்லின் அழுத்தம் மட்டுமே. வெட்டும்போது விசை கூர்ப்பக்கத்திலிருந்து முதுகை நோக்கிச் செல்கிறது; ஆகவே அலகு விரிந்தே நிற்கும். ஆனால் அலகு மரத்தில் சிக்கி, அதை முறுக்கி இழுக்கும்போது விசையின் திசை மாறுகிறது. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் வில் இடங்கொடுக்கும், கத்தி மடங்கும், மடங்கும் வழியில் இருப்பவை விரல்கள். அன்று நிகழ்ந்ததும் அதுவே. வேர்ச்செடியின் தண்டைப் பிளந்தபோது அலகு சிக்கியது. அவர் அதை அசைத்து இழுத்தார்.

சிக்கியதற்கும் காரணம் இருந்தது. கத்தி மழுங்கியிருந்தது. கூரான கத்தி சிறு விசையில் வெட்டும். மழுங்கிய கத்திக்கு விசை மிகுதியாக வேண்டும். விசை மிகும்போது கையின் கட்டுப்பாடு குறையும். வீட்டார் கூர்மையைக் குறை கூறினர். உண்மையில் கூரின்மையே விரலை வெட்டியது. முதுமையின் பங்கு இதில் சிறிது. இருபது வயது இளைஞன் கையிலும் அந்தக் கத்தி அப்படித்தான் மடங்கியிருக்கும்.

மடக்குக் கத்தி எழுத்தோடு உறவுள்ள கருவி என்பதை அவர் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். குண்டெழுத்தாணியில் கொண்டை உருண்டு கனத்திருக்கும். வாரெழுத்தாணியில் கொண்டையின் இடத்தில் பனையேட்டை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணியில் எழுதும் முனையும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் மாணவர் எப்போதும் உடன் கொண்டுசென்ற கருவி அது. ‘பேனாக்கத்தி’ என்ற சொல்லும் இறகுப் பேனாவின் முனையைச் சீவிய பழக்கத்திலிருந்து வந்ததே. ஏடும் இறகும் போயின. கத்தி மட்டும் தன் காரணத்தை இழந்து சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. திரைப்படத்தில் ஒருவன் மடக்குக் கத்தியை விரித்தால், அவன் மாம்பழம் நறுக்கப்போகிறான் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்தப் புகழைப் பெருமளவு ஈட்டிய உத்தரப் பிரதேசத்து ராம்பூர், 2023-இல் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளக் கத்தியைச் சின்னமாகவே நிறுவியது.

சட்டம் இத்தனை அச்சம் கொள்ளவில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளையே ஆயுத வகையில் சேர்க்கின்றன. அவற்றிலும் வீட்டுக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்குண்டு. விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. நீதிமன்றம், தேர்வறை போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே அறிவு. தோட்டத்துக்குப் போகிறவரின் சட்டைப்பையில் மூன்று அங்குல அலகு இருப்பது குற்றமாகாது.

ஆகவே அவர் சித்தூருக்குப் பேருந்து ஏறினார். கையில் ஒதுக்கிய தொகை 500 ரூபாய்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது, மண்டையோடு பொறித்த பளபளப்பான கத்தி. பொத்தானை அழுத்தினால் அலகு தானே பாய்ந்து விரியும். பையில் இருக்கும்போது பொத்தான் தவறி அழுந்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்து அதை ஒதுக்கினார். இரண்டாவது கத்தியில் பூட்டு இருந்தது: விரிந்த அலகின் அடியில் ஒரு மெல்லிய தகடு வந்து நின்று அதைத் தாங்கும். ஆனால் தகடு மிக மெல்லியது. அலகின் முதுகைப் பலகைமேல் லேசாகத் தட்டியதுமே அது நழுவியது. தவிர, அத்தகைய கத்தியை மடக்கக் கட்டைவிரலை அலகின் பாதையில் வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்த விரலோடு அதைச் செய்வது அவருக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது கத்தியின் பூட்டு பிடியின் முதுகில் இருந்தது. அங்கே அழுத்தினாலன்றி அலகு மடங்காது. அழுத்தும்போது விரல் பாதைக்கு வெளியே நிற்கும்.

“அலகைப் பார்க்காம பூட்டையே பார்க்கறீங்களே, மாஸ்டாரு,” என்றார் கடைக்காரர்.

“அலகைச் சாணைக்கல்லுல தீட்டிக்கலாம்ப்பா. பூட்டைத் தீட்ட முடியாதே.”

பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி உழவர்களிடையே உலகப் புகழ் பெற்றது. அதற்கும் சுழல்வளையப் பூட்டு வந்தது 1955-இல்தான். இடைப்பட்ட 65 ஆண்டுகள் அது பூட்டின்றியே விற்றது. பெயர்பெற்ற சுவிஸ் கத்திகளின் சிறிய வகைகள் பலவற்றில் இன்றும் பெரிய அலகுக்குப் பூட்டில்லை. புகழும் விலையும் பூட்டுக்குச் சான்றாகா என்பதே இதன் பொருள். கையில் வாங்கி, விரித்து, பக்கவாட்டில் அசைத்து, ஆணியில் ஆட்டம் உண்டா என்று பார்த்து, விரல்களை விலக்கிக்கொண்டு முதுகைத் தட்டிப் பார்ப்பதே சோதனை. மடக்கியபின் முனை பிடிக்குள் முழுவதும் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எஃகைப் பற்றியும் அவர் கேட்டார். கரிம எஃகு எளிதில் தீட்டப்படும். கூர் நன்றாக ஏறும். ஆனால் அவருடைய தோட்டத்தில் நிற்பது தோத்தாபுரி, தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று சொல்லப்படும் மா. அதன் காம்புப்பால் தோலையே பொத்துவிக்கும்; காயின் புளிப்பு கரிம எஃகை ஒரே நாளில் கறுக்கச் செய்யும். ஆகவே குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகே அவருக்கு ஏற்றது. அதுவும் துடைக்காமல் வைத்தால் கறைபடும் என்பது வேறு செய்தி. பல்வெட்டு அலகு கயிற்றுக்கு நன்று. வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவது கடினம். நேரான அலகையே எடுத்தார். விலை 380 ரூபாய். மீதிப் பணத்தில் ஒரு சாணைக்கல்.

வீடு திரும்பியதும் மருமகளை அழைத்துக் கத்தியைக் காட்டினார். விளக்கம் நீளவில்லை. பழைய கத்தியை விரித்து, ஒரு முருங்கைக்காய்த் துண்டைப் பிடிக்கும் அலகுக்கும் இடையே வைத்து, அலகின் முதுகை அழுத்தினார், துண்டு நறுக்குண்டது. புதியதில் அதையே செய்தார். காய் அப்படியே இருந்தது. தடித்த கிளைக்கு இனிக் கவாத்துக் கத்தரி, அலகு சிக்கினால் முறுக்காமல் வந்த வழியே உருவுவது, வாரம் ஒருமுறை தீட்டுவது என்று மூன்று உறுதிகளும் அளித்தார்.

இப்போது அவர் மீண்டும் தோட்டத்துக்குப் போகிறார். புறப்படும்போது, போக வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் மட்டும் வருகிறது: “பூட்டைப் பார்த்தீங்களா, மாமா?”