வீட்டின் பின்பக்கம்

புதுக்குடியிருப்புச் சந்தியில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் வீதியோர வீடுகளின் முன்பக்கம் இப்போது வடிவாகத்தான் இருக்கிறது. விறாந்தைக்கு மாபிள், தூணுக்குப் பெயின்ற், கேற்றுக்கு இரண்டு நிறம். வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தால் மதிலும் எழும்பியிருக்கும். பின்பக்கம் போனால் வேறு கதை. கிடுகால் மேய்ந்த கொட்டிலுக்குள் மூன்று கல்லு வைத்து அடுப்பு எரியும். அதற்கப்பால், வளவின் மூலையில், தகரக் கதவு போட்ட கக்கூசு. வீட்டில் அதிகம் வேலை நடக்கிற இடமும், ஒரு நாளும் போகாமல் இருக்க முடியாத இடமும் இவைதான். காசு வந்தால் கடைசியாக நினைக்கப்படுவதும் இவைதான். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இந்த வருஷம் எங்கள் வீட்டில் மாற்றப் போகிறோம்.

இப்படி ஒரு வரிசை வந்ததற்கு எங்கள் சனத்தைக் குறை சொல்ல முடியாது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு, மிதிவெடி அகற்றி முடிக்கும் வரை காத்திருந்து, வெறும் வளவுக்குத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். தறப்பாளும் தகரமும்தான் முதல் வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கியது. வடக்கு கிழக்கில் 45,000 குடும்பங்களுக்கு, புது வீடு கட்டுகிற குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அத்திவாரம் முடிய ஒரு பங்கு, சுவர் எழும்ப ஒரு பங்கு, கூரை போட ஒரு பங்கு என்று காசு வங்கிக்கு வந்தது. கட்டுவது அவரவர் பொறுப்பு. ஏறத்தாழ 550 சதுர அடியில் தலைக்கு மேல் ஓடு வந்ததே அன்றைக்குப் பெரிய காரியம். அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் மணலும் கல்லும் விலை ஏற, எத்தனையோ வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போன பிறகுதான் கூரை ஏறியது. குசினித் தரை சொரசொரவென்று கிடந்தது. கக்கூசு தனியாக வெளியே நின்றது. பிறகு பார்க்கலாம் என்று விட்டது விட்டபடியே பத்து வருஷம் போயிற்று.

எங்களிடம் இப்போது இருப்பது ஒரு சீட்டுக் காசும் கொஞ்சச் சேமிப்பும். கடன் எடுப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்றதை இந்த ஊர்ப் பெண்கள் மறக்கமாட்டார்கள். 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ள வேண்டி வந்தது. குசினியைத் திருத்தப் போய் அந்த வாசலை மறுபடி திறந்துவிடக் கூடாது.

காசு கொஞ்சமாக இருக்கும்போது முதலில் கேட்க வேண்டியது எந்த மாபிள் என்பதல்ல, யார் அதைப் பாவிக்கப் போகிறார்கள் என்பது. எங்கள் வீட்டில் அது அம்மாவும் சித்தப்பாவும்.

சித்தப்பாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. போரின் கடைசி நேரச் செல்லடியில் போனது. பொய்க்கால் இருக்கிறது, ஆனால் இரவில் கழற்றி வைத்துவிடுவார். பிறகு ஊன்றுகோல்தான். கக்கூசு வாசலில் ஒன்பது அங்குலப் படி. கதவு உள்பக்கம் திறக்கிறது. அவர் இடக்கையால் நிலையைப் பிடித்து, ஊன்றுகோலை உள்ளே ஈரத்தரையில் ஊன்றி, ஒற்றைக் காலால் எத்தி ஏறுவார். ஏறியதும் கதவைச் சாத்துவதற்குச் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்று, கதவு தன்னைக் கடந்து போக இடம் விட வேண்டும். அவர் பிடிக்கிற உயரத்தில் நிலையில் பெயின்ற் தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. அவர் ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. கேட்டால் “பழகிப்போச்சு பிள்ளை” என்பார். இந்த ஊரில் இப்படிப் பழகிக்கொண்ட மனிதர்கள் எத்தனை பேர்! இதற்கான திருத்தம் பெரிய செலவே இல்லை. வீட்டோடு ஒட்டி எடுக்கப் போகிற புதுக் கக்கூசில் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்து, வாசலை மூன்று அடிக்கு எடுக்க வேண்டும். படிக்குப் பதில் சரிவு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு, ஆகவே ஒன்பது அடி. குந்துகிற இடத்தில் கொமட். பக்கச் சுவரில், கொமட்டில் இருந்தபடி கை எட்டும் உயரத்தில், ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் நன்றாக இறக்கிச் சீமெந்து வைத்துப் பூட்டினால் முழுப் பாரத்தையும் தாங்கும். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு மாபிள் மட்டும் போதும். சுவருக்கு நல்ல சீமெந்துப் பூச்சும் பெயின்றும் போதும், மாபிள் பிறகு வரட்டும்.

அம்மாவின் பாடு புகையோடு. வீட்டுக்குள்ளே குசினி இருந்தும் அவ வெளிக் கொட்டிலில்தான் சமைக்கிறா, உள்ளே எரித்தால் சுவர் கரிபிடிக்கும் என்று. மழை நாளில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, இருமிக்கொண்டு வருவா. அடுப்பை விட்டுவிட்டு காஸ் வாங்கலாம்தானே என்று கொழும்பில் இருக்கிற உறவுகள் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 4,860 ரூபாவுக்கு ஏறியதையும், பிறகு காசு கொடுத்தும் கிடைக்காமல் நகரத்துச் சனம் வெறும் சிலிண்டரோடு வீதியில் வரிசையில் நின்றதையும் பார்த்த எனக்கு அந்த யோசனை ஏற்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு ஒரு நேரமும் அணையவில்லை. ஆகவே விறகடுப்பு இருக்கும், காஸ் அடுப்பும் பக்கத்தில் இருக்கும். விறகடுப்புக்கு மேல் ஒழுங்கான புகைக்கூடு வர வேண்டும். அது கூரை முகட்டுக்கு மேலே ஓரிரண்டு அடி உயர்ந்து நிற்காவிட்டால், காற்று திரும்பி அடிக்க, புகை வீட்டுக்குள்ளேயே வரும். செலவைக் குறைக்கப் போய் புகைக்கூட்டைக் கட்டையாக விட்ட வீடுகளில் பெண்கள் மறுபடி கொட்டிலுக்கே போய்விட்டார்கள்.

அம்மா குந்தியிருந்து சமைத்துப் பழகியவ. இப்போது முழங்கால் விடுவதில்லை. கடையில் விற்கிற பன்ரி மேசை முப்பத்தைந்து முப்பத்தாறு அங்குல உயரம். அம்மாவை நிற்க வைத்து அளந்தோம். தரையில் இருந்து முழங்கை முப்பத்தேழு அங்குலம். காய் வெட்டுகிற மேசை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் நோகாது. ஆகவே எங்களுக்கு முப்பத்திரண்டு. அடுப்புத் திட்டு அதைவிடப் பதிவாக, இருபது அங்குலம். அதன்மேல் அடுப்பின் உயரமும் சோற்றுப்பானையின் உயரமும் சேர்ந்தாலும் பானையின் வாய் முழங்கைக்குக் கீழேயே நிற்கும். மேசன் அண்ணை முதலில் சம்மதிக்கவில்லை. “ரீச்சர், எல்லாம் ஒரு மட்டத்தில நிண்டாத்தானே பார்க்க வடிவு” என்றார். அம்மாவே வந்து பதில் சொன்னா: “அண்ணை, பார்க்கிறவை சமைக்கப் போறேல்லைத்தானே.”

புதுக் கக்கூசையும் குளியலறையையும் குசினிச் சுவரோடு ஒட்டி எடுத்தால் குழாய்ச் செலவு நன்றாகக் குறையும். ஒரே தாங்கியில் இருந்து ஒரே எஸ்லோன் குழாய் இரண்டு பக்கமும் போகும். கக்கூசு அடுப்படிக்குப் பக்கத்தில் வருவதை அம்மா விரும்பவில்லை. அவவின் விருப்பமின்மைக்கு மதிப்புக் கொடுத்தோம். குளிக்கிற பகுதி குசினிச் சுவரோடும், கொமட் அதற்கு அப்பால் தனிக் கதவும் உயர ஜன்னலுமாகவும் வரும். விறாந்தையில் இருந்து நனையாமல் போகலாம். இரவில் ரோச் அடித்துக்கொண்டு, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முற்றத்தைக் கடக்கிற வேலை பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இனி இல்லை.

காசில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் போகிறது. மலக்குழி கிணற்றில் இருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும், பக்கத்து வளவின் கிணற்றையும் சேர்த்து. தூரம் மட்டும் போதாது. கார்த்திகை மார்கழியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளலாம் போல மேலே வந்துவிடும். அந்த நாளில் ஆழக் குழியும் கிணறும் நிலத்துக்குக் கீழே ஒரே தண்ணீர். ஆகவே அடியும் சுவரும் பூசிய தாங்கி ஒன்று, அதில் இருந்து வழிகிற தண்ணீருக்கு ஆழமில்லாத ஊறல் கிடங்கு ஒன்று. நாலு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு. குசினித் தண்ணீர் வாழைக்கு.

கிடங்கு வெட்டுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்திலும், 2023 ஜூன் 29 ஆம் திகதி எங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலும் மனிதப் புதைகுழிகள் வெளிப்பட்டது தண்ணீர்க் குழாய்க்கு நிலம் வெட்டியபோதுதான். இங்கே மண்வெட்டி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த எண்ணம் கூடவே இறங்குகிறது. வெடிபொருளோ எலும்போ உடுப்போ தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, கையால் தொடாமல், கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும் என்று மேசன் அண்ணையோடும் கூலிப் பெடியளோடும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன். நாள் கணக்கில் வேலை நின்றாலும் நிற்கட்டும். யாரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளையாக அது இருக்கலாம்.

கிடங்கும் தாங்கியும் ஆவணியில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது. புதுக் கக்கூசும் குளியலறையும் சரிவும் கைபிடியும் அதோடு சேர்த்து. புகைக்கூடும் அடுப்புத் திட்டும் புரட்டாதியில், மாரி தொடங்க முன்னம். 2022 இல் சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்ட பயம் இன்னும் போகவில்லை. அதற்காக முழுவதையும் ஒன்றாக வாங்கி அடுக்கினால் ஈரக் காற்றில் கட்டிபட்டுவிடும். அந்தந்தக் கட்டத்துக்குத் தேவையானதை மட்டும் இறக்குகிறோம். விறாந்தை மாபிள் அடுத்த சீட்டு விழுந்தபிறகு.