பொழி முறியும் நேரம்

மழை வலுத்தால் பூவாரில் பொழி முறியும். கோடையில் நெய்யாற்றின் வாயை அடைத்துக் கிடந்த மணலை உடைத்துக்கொண்டு ஆறு கடலில் இறங்கும். போன வருஷம் முறிந்த இடத்திலேயே இந்த வருஷமும் முறியும் என்றில்லை. அதைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் ஞாபகம் வரும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மலையாளம், வீட்டில் தமிழ். வெளியூரில் வேலை பார்த்த நாளில் தமிழை மலையாள அட்சரத்தில் எழுதி அனுப்புவேன். அம்மாவுக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுப் பையன் உரக்க வாசிப்பான். "நீ முன்னால இருந்து பேசுன மாதிரி இருந்துது மக்கா" என்பாள்.

பிறகு தமிழ் எழுத்தைக் கற்றேன். பத்திரிகைத் தமிழில் ஒரு கதை எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது ஆரு பேசுறது மக்கா?" என்றாள். அதோடு பல வருஷம் எழுதவில்லை.

பூவாரிலிருந்து கடலோரமாகப் பொழியூர், நீரோடி, தூத்தூர் தாண்டிப் போனால் தேங்காப்பட்டணம். நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் 1944இல் பிறந்த ஊர். 1956 நவம்பர் 1 வரை இரு ஊரும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. அன்று தேங்காப்பட்டணம் அடங்கிய விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, பூவார் அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மீரானும் மலையாளத்தில் படித்தவர். தமிழை மலையாள எழுத்தில் எழுத, மற்றவர்கள் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்தார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வெட்கப்பட்டு ஒளித்ததை அவர் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

திருநெல்வேலியில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அக்காதெமி விருது. 2019இல் மறையும்வரை, பிறந்த கரையின் பேச்சை அவர் விடவில்லை. தனக்கென்று ஒரு குரலை அவர் எங்கும் போய்த் தேடவில்லை; வாயில் இருந்ததை ஆயுள் முழுக்கக் காப்பாற்றினார்.

வேலை ஓய்ந்தபின் மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி மலையாள அட்சரத்தில், அம்மாவுக்கு எழுதுவதுபோலவே வந்தது. அவள் இல்லை. நானே உரக்க வாசித்தேன். ஆரு பேசுறது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷம் பொழி கொஞ்சம் தெற்கே தள்ளி முறிந்திருக்கிறது. இறங்குவது அதே நெய்யாற்று வெள்ளம்.