வாப்பா கண் திறந்த பிறகு



சென்ற ரமலானில் ஸஹருக்கு எழுந்த எங்கள் வாப்பா, உளூச் செய்யும்போதே சரிந்து விழுந்தார்கள். நெடுநாள் இரத்த அழுத்தத்தால் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் ஒரு நாளம் வெடித்திருந்தது. மருத்துவமனையில் அவர்களுடைய நினைவு நிலையை 5 என்று குறித்தனர். முழு விழிப்புக்கு 15; அந்த அளவுகோலின் அடிமட்டமே 3 என்பதை அன்றுதான் அறிந்தோம்.

11ஆம் நாள் வாப்பா கண் திறந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதோம். ஆனால், உம்மா குனிந்து ஸலாம் சொன்னபோது அந்தக் கண்கள் உம்மாவைக் கடந்து சுவரில் நிலைத்திருந்தன. நாள்கள் சென்றும் மாற்றமில்லை. "வாப்பாவை இனியும் வருத்த வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்றார் பெரிய காக்கா. உம்மா இசையவில்லை. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தோம்.

நரம்பியல் மருத்துவர் தாளில் வரைந்து விளக்கினார். மூளைத்தண்டிலிருந்து ஒரு நரம்புவலை தலாமஸ் வழியாக மேலேறி, மூளையின் புறணியை விழிக்கச் செய்கிறது. 1949இல் மொருஸி, மகூன் என்னும் இருவர் பூனைகளின் மூளைத்தண்டை மின்சாரத்தால் தூண்டி இதனைக் காட்டினர். அவ்வலையின் கீழ்ப்பகுதி இயங்கினாலே கண் திறக்கும். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆளை அறிவதற்கோ மேலுள்ள இணைப்புகளும் வேண்டும். தேங்கிய இரத்தம் கரைந்து வீக்கம் வடிந்தால், அழுந்திய இழைகள் மீளக்கூடும். அறுந்தவை மீள்வது அரிது. "அழுந்தியது எவ்வளவு, அறுந்தது எவ்வளவு என்று இப்போதே சொல்ல இயலாது. சில மாதங்கள் பொறுங்கள்" என்றார்.

பொறுத்தோம். பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம் தந்தோம். இரவில் விளக்கை அணைத்தோம். நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்டு, விடைக்கு நேரம் விட்டு, நோட்டில் குறித்தோம். 47ஆம் நாள், "வாப்பா, கண்ணை மூடுங்கள்" என்றோம். மூடினார்கள். தற்செயலோ என்று ஐயுற்ற காக்கா, தாமே மறுபடியும் கேட்டார். மீண்டும் மூடினார்கள். காக்கா வெளியே சென்று, நெடுநேரம் கழித்தே திரும்பினார்.

இன்று வாப்பா எங்கள் பெயர்களைச் சொல்கிறார்கள். வலக்கை இன்னும் எழவில்லை. பகலில் பாதி உறக்கம். காக்காவின் சொல்லும் அன்பிலிருந்தே வந்தது என்பதை இப்போது உணர்கிறோம். எல்லோருக்கும் இவ்வளவு மீட்சி கிட்டுவதில்லை என்பதையும் அதே வார்டில் கண்டோம். ஆகவே, இந்நிலையிலுள்ள குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: கண் திறந்தவுடன் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், பார்வை வெறுமையாயிருப்பதால் எல்லாம் முடிந்தது என்றும் அவசரமாகத் தீர்மானிக்காதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், காத்திருங்கள். வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.