ஓடிப்போனவனுக்கும் ஒரு இலை போடுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க.

போன ஞாயிறு மடப்பள்ளிப் பின்கட்டில் ஒரு சின்ன சம்பவம். வெங்காயம் உரிக்க வந்த படிவம் 2 பையன் ஒருத்தன், வேலை முடிஞ்சதும் மூலையில உட்கார்ந்து கைப்பேசியில ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கிட்டு இருந்தான். பெரியவர் ஒருத்தர், "கோயிலுக்கு வந்தும் பேய்ப்படமா?"ன்னு அதட்டிட்டார். பையன் முகம் சுருங்கிப் போச்சு. நாங்கள் எட்டிப் பார்த்தோம். 'டிராகன் குவெஸ்ட்: டாயின் மாபெரும் சாகசம்'. எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் தொண்டை அடைத்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

1999 வாக்கில் நாங்கள் நாலு பேர். கிள்ளானில் ஒரே தாமான். வெள்ளிக்கிழமை மாலை தேவார வகுப்பு, சனிக்கிழமை எங்களில் ஒருவர் வீட்டு ஹாலில் விசிடி. பசார் மாலாமில் வாங்கிய தட்டுகள், பாதி புரியாத ஆங்கில எழுத்து. அப்படித்தான் டாய் எங்களுக்கு அறிமுகம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டிராகன் குவெஸ்ட் என்பது 1986-ல் ஜப்பானில் வந்த வீடியோ கேம். நாமே ஒரு வீரனாக மாறி, ஊர் ஊராய் நடந்து, அரக்கர்களோடு சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாய் பலம் சேர்க்கும் ஆட்டம். அந்த உலகத்தை வைத்து 1989-ல் ஒரு மங்கா தொடங்கியது. 1991-ல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அரக்கர்கள் மட்டுமே வாழும் தீவில் வளர்ந்த மனிதப் பையன் டாய். அவனுக்கு வாய்த்த குரு அவான். அந்தக் குருவின் இன்னொரு சீடன் பாப், ஆயுதக் கடைக்காரர் மகன், மந்திரம் படிக்க வந்தவன்.

ஊரே டாய்க்குக் கைதட்டும். எங்களுக்கு பிடிச்சது பாப். காரணம், அவன் பயந்தாங்கொள்ளி. முதலை முகத்தோடு க்ரோகோடைன் என்ற படைத்தலைவன் காட்டில் எதிரே வந்தபோது, நண்பன் டாயை விட்டுட்டு ஓடிப் போனவன் அவன். அப்புறம் ஊரே தாக்கப்படும்போது சத்திரத்தில் முடங்கிக் கிடக்கிறான். அங்கே ஒரு கிழட்டு மந்திரவாதி, அவரும் போலி வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான், தன் இளமையில் தானும் இப்படி ஓடியதைச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் பாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போகிறான். அந்தப் பாகத்தை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம்! தட்டில் கீறல் விழுந்து படம் நின்னு நின்னு ஓடும்.

அந்த க்ரோகோடைனும் பிறகு மனம் மாறி டாய் பக்கம் வந்துவிடுகிறான். எங்கள் தேவார ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "சூரபத்மனை முருகன் என்ன பண்ணினார்? மயிலும் சேவலுமா பக்கத்துலயே வெச்சிக்கிட்டார் இல்ல? அதான்டா"ன்னு சொல்லிட்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

அந்தத் தொடர் 46 பாகத்தோடு நின்று போனது. டாய்க்கும் அவன் அப்பா பாரனுக்கும் நடக்கும் சண்டையோடு சரி. பெரிய அரக்க அரசன் வேர்னிடம் அவர்கள் போய்ச் சேரவே இல்லை. முடிவு தெரியாமலே நாங்கள் எஸ்.பி.எம். எழுதினோம், வேலைக்குப் போனோம், கோயிலில் தொண்டர்களானோம்.

2004 பங்குனி உத்திரம். அன்னதானச் சமையல் நடக்கும்போது கேஸ் ஹோஸில் தீ பிடித்தது. உள்ளே எங்கள் பெரிய அண்ணனும் நால்வரில் ஒருவனும். அண்ணன் சிலிண்டர் வால்வை மூடினார். வலது கை வெந்து போச்சு. அவன் வாசல் வழியாக ஓடி விட்டான். ரோட்டுக்கே ஓடி விட்டான்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. முருகன் காப்பாற்றினார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் இன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கு 'ஓட்டக்காரன்' என்று பெயர் வைத்தோம். சாம்பார் வாளியை அவன் தொட்டால், "டேய், சுடும்டா, ஓடிடு"ன்னு சிரிப்போம். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறோம். அவனும் கூடச் சிரித்தான். ஆறு மாதத்தில் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை, அங்கேயே வாடகை அறை என்று கேள்விப்பட்டோம். யாரும் தேடிப் போகவில்லை. கிள்ளானில் இருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்.

திரையில் ஓடிய பாப்புக்காக விசில் அடித்தவர்கள் நாங்கள். எங்கள் கூடவே இருந்த பாப் ஓடினபோது, அவன் திரும்பி வருவதற்கான அடுத்த பாகத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை.

2020 அக்டோபர். கோவிட் காலம், பள்ளத்தாக்கு முழுக்க கட்டுப்பாடு. கோயிலில் ஆள் இல்லாமல் மணி மட்டும் அடித்தது. அப்போது பல வருஷத்துக்குப் பிறகு அவனிடமிருந்து புலனத்தில் ஒரு வரி. "டாய் மறுபடி வருது மச்சான். இந்தத் தடவ முடிவு வரைக்குமாம்." அக்டோபர் 3-ஆம் தேதி புதிய தொடர் தொடங்கியிருந்தது. என்ன பதில் போடுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க யோசித்தோம். கடைசியில் "நாங்களும் பாக்குறோம்"ன்னு மட்டும் போட்டோம். அதிலிருந்து அவரவர் வீட்டில் இருந்தபடியே பார்ப்போம், பார்த்து முடித்ததும் பேசுவோம். 2021 தைப்பூசத்துக்கு காவடி இல்லை, தண்ணீர்ப் பந்தல் இல்லை. அந்த வாரமும் டாய் பற்றித்தான் பேசினோம். தீ விபத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

2021 டிசம்பர் 18. அந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். கோயிலில் பொட்டலச் சோறு கட்ட ஆரம்பித்தோம். அடுத்த நாள் விடியற்காலை, கேட்டுக்கு வெளியே ஒரு லோரி. அரிசி, பருப்பு, குடிநீர்ப் பெட்டிகள். ஓட்டி வந்தது அவன்.

மடப்பள்ளிக்குள் வந்ததும் அவன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கரைத்து, ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலும் தடவி, குமிழ் வருதான்னு பார்த்தான். அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைத்தான். கை நடுங்கியது. எங்களுக்கும் தெரிந்தது.

அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்றார். தழும்புள்ள கையாலேயே அவன் தோளைத் தொட்டார். "அன்னிக்கு எனக்கும் பயம்தான்டா. நான் நின்ன இடத்துல இருந்து வால்வு ரெண்டு அடி. நீ நின்ன இடத்துல இருந்து வாசல் ரெண்டு அடி. அவ்ளோதான் வித்தியாசம்." பதினேழு வருஷம் கழித்துச் சொன்ன வார்த்தை. அன்றே சொல்லியிருக்கலாம் என்று அண்ணனே பிறகு வருத்தப்பட்டார். அவன் ஒன்றும் பேசாமல் அகப்பையைக் கையில் எடுத்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டது இரவு பாத்திரம் கழுவும்போது. "விடுங்கடா, சோறு அடி பிடிச்சிருச்சு, நல்லா தேய்ங்க" என்றான்.

2022 அக்டோபர் 22, சனிக்கிழமை, நூறாவது பாகத்தோடு டாய் முடிந்தது. தீபாவளிக்கு ரெண்டு நாள்தான். அதே கிள்ளான் வீட்டு ஹால், அடுக்களையில் முறுக்கு எண்ணெய் வாசம், நாலு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து பார்த்தோம். முடிவை இங்கே சொல்ல மாட்டோம். ஆனால் கடைசியில் நண்பனோடு சேர்ந்து பறப்பவன் பாப்தான், முதலில் ஓடிப் போன அதே பாப்.

அந்த கேம் விளையாடினவர்களுக்குத் தெரியும். சண்டை வந்தால் திரையில் சில கட்டளைகள் வரும். அடி, தடு என்பதோடு 'ஓடு' என்பதும் ஒன்று. ஓடினால் ஆட்டம் முடிந்துவிடாது. ஊருக்குத் திரும்பி, சத்திரத்தில் தூங்கி, மறுபடி கிளம்பலாம். ஒரு விளையாட்டுக்கே இவ்வளவு இரக்கம் இருக்கும்போது, முருகன் சன்னதியில் தொண்டு செய்யும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

அதனால் எங்கள் வேண்டுகோள் ரெண்டு. ஒன்று, வேலை முடித்துவிட்டு கார்ட்டூன் பார்க்கும் பிள்ளையை அதட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து "என்னடா கதை?"ன்னு கேளுங்க. ரெண்டு, தொண்டில் தவறு செய்து, பயந்து, வெட்கப்பட்டு, வருவதை நிறுத்திய யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இன்றே ஒரு வரி அனுப்புங்க. பட்டப்பெயர் வைத்தவர்கள் நீங்களாக இருந்தால் கட்டாயம் அனுப்புங்க.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மடப்பள்ளி கழுவும் பணி இருக்கிறது. கையுறையும் பிரஷ்ஷும் நாங்கள் தருகிறோம். ஹோஸ் பரிசோதனையை யார் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த படிவம் 2 பையன் அவருக்கு உதவியாளனாக இப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!