பக்கத்தைப் புரட்டிவிடும் நாங்கள்

போன தவணை எங்கள் வகுப்புப் பிள்ளையொன்று வயதுக்கு வந்த அன்று, தனக்கு ஏதோ பெரிய நோய் என்று நினைத்து அழுதது. அந்தப் பாடத்தை "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்க" என்று விட்டவர்கள் நாங்கள்தான்.

அப்போது, அமெரிக்க வழக்கொன்று நினைவுக்கு வந்தது. பெயரே விசித்திரம்: 'ஐக்கிய அமெரிக்கா எதிர் 31 புகைப்படங்கள்'. இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கின்சி தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த படங்களையும் புத்தகங்களையும் சுங்கத்தினர் பிடித்துவைத்தார்கள். ஆபாசமான எதையும் நாட்டுக்குள் விடக்கூடாது என்றது 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். 1957இல் நியூயோர்க்கில் தீர்ப்பு வந்தபோது கின்சி உயிரோடு இல்லை. முதல் வருடமே காலமாகியிருந்தார்.

படங்கள் கண்ணியமானவை என்று நீதிபதி பல்மியேரி சொல்லவில்லை. இவற்றைப் பார்க்கப்போவது யார் என்றுதான் பார்த்தார். பூட்டி வைத்து, ஆய்வாளர்களுக்கு மட்டுமே காட்டுவார்கள். அவர்களுக்கு இது இச்சையைத் தூண்டும் பொருள் அல்ல, படிக்கும் பொருள். ஆகவே இது ஆபாசம் அல்ல என்று விடுவித்தார்.

நிய்யத் நல்லது என்று சொன்னால் மட்டும் போதவில்லை. யார் கைக்குப் போகிறது, எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதையும் காட்டவேண்டியிருந்தது. அது நியாயம்தான்.

ஆனால் எங்கள் கையில் இருப்பது அரசாங்கம் அச்சிட்டுத் தந்த பாடப்புத்தகம். யாரும் பறிமுதல் செய்யவில்லை. வெட்கப்பட்டு நாங்களே மூடிவைத்தோம்.

இந்தத் தவணை அந்தப் பாடத்தைப் படிப்பிக்கப்போகிறோம். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, டீச்சர்மார். ஆண்பிள்ளைகளுக்கு சேர்மார். பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்வோம்.

துஆச் செய்யுங்கள்.