கண் எட்டாத தெருமுனை

கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குக் கிளட்சும் கியரும் எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், அவை சில வாரப் பழக்கத்தில் கைவசப்பட்டுவிடுகிற சங்கதிகள். ஆனால், இரு மருங்கிலும் சுவர்கள் நெருக்கி நிற்கும் ஒரு சந்திலிருந்து, எது வருகிறது என்று சற்றும் தெரியாத பெரிய வீதிக்குள் வண்டியை எடுப்பது, கையின் திறமையைவிடக் கண்ணின் கூர்மையையும், அதைக்காட்டிலும் மனத்தின் நிதானத்தையும் பொறுத்த காரியமாகையால், அதைத் தனியாகவும் சிரத்தையோடும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். எட்டுப் போடுவதையும் பின்னோக்கி எடுப்பதையும் சோதித்துப் பார்க்கும் திடல் திறந்த வெளி. பார்வையை மறைக்கும் சுவர் அங்கே ஏது?

மதுரை போன்ற பழைய நகரங்களில் வசிப்பவர்களுக்கு இது நித்திய அனுபவம். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் கொண்டு, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்து அமைந்த அந்த நகரத்தில், தேர் ஓடும் மாசி வீதிகள் விசாலமானவைதாம். அவற்றில் வந்து சேரும் சந்துகளிலோ, வீட்டுச் சுவரே தெருவின் எல்லையாக நிற்கிறது. புதிய மனைப்பிரிவுகளில் தெருமுனையைச் சாய்வாக வெட்டிப் பார்வைக்கு இடம் விடும்படி விதி இருக்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த வீதிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போதாக்குறைக்கு, முனைக்கடையின் தகரப் பந்தல், மின்மாற்றி, சரக்கு இறக்குவதற்காக நிற்கும் குட்டியானை எல்லாம் சேர்ந்துகொண்டால், கண்ணுக்கு மிஞ்சுவது முழ அகல இடைவெளிதான்.

என் தம்பி மகள் வண்டி பழகிய நாட்களில் நானும் பின் இருக்கையில் உட்கார்ந்து போவது உண்டு. அவளுக்குக் கற்பித்த மாஸ்டர் வயதில் மூத்தவர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நாள் கீழ மாசி வீதியை நோக்கி ஒரு சந்து வழியாக வந்தபோது, சுவர் முடிகிற இடத்துக்கு முன்பாகவே, "நிறுத்தும்மா. ஒனக்கு முன்னாடி வண்டியோட மூக்கு போயிரும். கண்ணு பின்னாலதான் போகும். ஒனக்குத் தெரியிறப்ப மூக்கு ரோட்டுல நிக்கும், பாத்துக்க" என்றார். விஷயத்தின் உயிர்நிலை அதுதான். ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் வண்டியின் முன் பம்பருக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மீட்டர் இருப்பதால், சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்க முடிகிற நேரத்தில், வண்டியின் முகப்பு முன்னமே வீதிக்குள் நீண்டுவிடுகிறது. அந்த இரண்டு மீட்டரைத்தான் அங்குலம் அங்குலமாகக் கடக்கப் பழக வேண்டும்.

முதல் கியரில், ஹாஃப் கிளட்சில், வலது கால் பிரேக்கின்மேல் இருக்க, வண்டி அசைகிறதா என்று சந்தேகப்படும் வேகத்தில் நகர்வது, நிற்பது, பார்ப்பது, பார்த்த மட்டுக்கும் மறுபடி நகர்வது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி முனையில் தேரைத் திருப்பும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தைச் சிறிது விட்டு, உடனே தடுத்து, மீண்டும் விடுகிறார்களே, அந்த நிதானம் இதற்கும் வேண்டும். இப்படி நகரும் முகப்பே, வீதியில் வருகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பாகி, அவர்கள் சற்று விலகவோ வேகத்தைக் குறைக்கவோ அவகாசம் தருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு மோட்டார் சைக்கிள் விநாடிக்குப் பதினோரு மீட்டர் கடந்துவிடும் என்பதை நினைத்தால், திடீரென்று பாய்ந்து வெளிப்படுவது எத்தகைய அபாயம் என்பது விளங்கும்.

முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், வலமிருந்து வருகிறவர்களே நமக்கு நெருங்கிய பாதியில், நம் முகப்பை உரசினாற்போல் வருகிறார்கள். பிறகு இடம், மறுபடியும் வலம். பிரதான சாலையில் போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும், மற்றச் சந்திப்புகளில் வலமிருந்து வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதிகளே சொல்லியிருக்கின்றன. ஆனால் எதிர்த்திசையில் சுவரை ஒட்டியே வரும் இரு சக்கர வாகனங்கள் நம் ஊர்களில் ஏராளமாகையால், இடப்பக்கத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. இன்னொன்று: முன் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் உள்ள தூண் ஒரு மோட்டார் சைக்கிளை ஆளோடு மறைத்துவிடக் கூடியது. தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பை முன்னே சாய்த்து, அந்தத் தூணுக்கு இப்புறமும் அப்புறமும் பார்க்க வேண்டும்.

கண் எட்டாத இடத்தில் காது துணை செய்யும். ஜன்னலை இறக்கிப் பாட்டை நிறுத்திவிட்டால், பஸ்ஸின் இரைச்சல் பஸ் தெரிவதற்கு முன்னமே வந்துவிடுகிறது. இரவில் எதிர்ச்சுவரில் படரும் விளக்கொளி, வருகிற வண்டியை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பகலைவிட இரவில் சில முனைகள் சுலபமாகத் தோன்றுவது அதனால்தான். சில முனைகளில் வைத்திருக்கும் குவியாடி உபகாரமானதே. எனினும், அதில் உருவம் சிறுத்துத் தெரிவதால், பக்கத்தில் வந்துவிட்ட லாரி தூரத்தில் இருப்பதாக மனம் கணக்கிட்டுவிடும். ஹாரனை ஒரு முறை சுருக்கமாக அடிப்பது நாம் இருப்பதைத் தெரிவிக்குமே தவிர, வழியைப் பெற்றுத் தராது.

"வாங்க, வாங்க" என்று கையசைக்கும் புண்ணியவான்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது அவர்கள் நின்ற இடத்திலிருந்து. மாஸ்டரின் கண்ணும் அப்படியே: இடப்புற இருக்கையில் அமர்ந்து, இடது முனையை அவர் சுலபமாகப் பார்த்து, தம் காலடியிலுள்ள பிரேக்கை மிதித்து நம்மைக் காப்பாற்றுகிறார். லைசென்ஸ் வாங்கித் தனியே ஓட்டும் நாளில் அந்த இருக்கை காலியாக இருக்கும். பழகும் காலத்திலேயே அவர் சொல்வதற்கு முன் தானே பார்த்து, தானே தீர்மானித்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் நல்லது என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் பழகுகிறவர் செய்யும்போது, பின்னால் நிற்கும் வண்டிகள் சும்மா இருப்பதில்லை. ஓயாத ஹாரன் சத்தத்தில் பதறி, பார்த்து முடிக்காமலே கிளட்சை விட்டுவிடும் புதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சந்தர்ப்பத்தில் விபத்து நேர்ந்தால், பழி அவர்மேல் விழுகிறது, அவசரப்படுத்தியவர் ஒதுங்கிப் போய்விடுகிறார். ஆகையால், அனுபவம் உள்ளவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுதிய ஒரு வண்டி தெருமுனையில் தயங்கி நின்றால், தயவுசெய்து ஹாரனைத் தொடாதீர்கள். முனையில் கடை வைத்திருப்பவர்களே, நீங்களும் சரக்கு வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.