தேதி குறிக்காத வேலை

மனித மருத்துவம் படிக்கிறவர்களுக்குப் படிக்க ஓர் உடல்தான். கால்நடை மருத்துவம் படிக்கும் எங்களுக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி என்று வரிசை நீள்கிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்; எருமைக்கு 310, ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114, நாய்க்கு 63. நாம் காய்ச்சலுக்கு விழுங்குகிற சாதாரண பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சுமுட்டி நம் கையிலேயே செத்துப்போகும். இவ்வளவையும் நாலரை ஆண்டு வகுப்பிலும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியிலும் மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

நான் படிக்கும் சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. முதலாண்டு முழுக்க பார்மலின் நெடியில் கண் எரிய நின்றபோது, நூற்றிருபது ஆண்டுகளாக இங்கே வந்தவர்கள் எல்லாரும் இதே மாட்டெலும்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காலையில் சிகிச்சைப் பிரிவு, பிறகு வகுப்பு, பிறகு செய்முறை, இரவில் ரெக்கார்டு எழுதுவது. இதற்கே ஒரு நாள் போதாது.

அப்படியிருக்க, தன்னார்வப் பணி எதற்கு? வீட்டிலும் கேட்டார்கள், வகுப்பிலும் சிலர் கேட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் உண்டு. அதை முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் நிற்கவில்லை. காரணம், அங்கேதான் என் கை படித்தது.

மாணவர்கள் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. எனவே முகாமில் எங்களுக்குக் கிடைப்பவை பிடிப்பது, எழுதுவது, தடுப்பூசி வைத்த ஐஸ்பெட்டியைச் சுமப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எடுபிடி வேலையாகத் தெரியும். ஒரு நாயைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும் ஊசி இறங்காது.

பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. பேண்டேஜ் துணியில் ஒரு சுருக்குப் போட்டு நாயின் மூக்குத்தண்டில் மாட்டி மேலே முதல் முடிச்சு. நுனிகளைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் அடுத்த முடிச்சு. கடைசியாகக் காதுகளுக்குப் பின்னே இழுத்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சு. மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ அந்தக் கடைசி முடிச்சுதான் அதன் உயிரைக் காப்பாற்றும். பிறகு ஒரு கையைக் கழுத்துக்கடியில் கொடுத்து, மறு கையை முதுகைச் சுற்றிப் போட்டு, நம் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அதன் நெஞ்சு நம் முன்கையில் படபடவென்று அடிப்பது தெரியும். இறுக்கினால் திமிறும், தளர்த்தினால் கடிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தப் பிடி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. லூயி பாஸ்டர் 1895-ல் இறந்த செப்டம்பர் 28-ஆம் தேதியைத்தான் உலக வெறிநோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்தபோது அது ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடை. வடசென்னையில் ஒரு சந்துக்குள் அந்த எழுபதைத் தேடி நடந்தபோதுதான் எண்ணின் கனம் தெரிந்தது. அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, தெருநாய் ஒன்றைத் தூக்கி வந்து என் மடியில் வைத்து, “யாரையும் கடிக்க மாட்டான் பாப்பா. ஊசின்னா மட்டும்தான் பயம். கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லும்மா” என்றார். நாள்தோறும் மிச்ச இட்லி போட்டு வளர்த்தவர். பதிவேட்டில் உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன். தன் பெயரையே சொன்னார். அன்று இரவு வெறிநோய்ப் பாடத்தைத் திறந்தபோது ஒரு வரிகூட மறக்கவில்லை.

மாட்டு விஷயத்திலும் அப்படித்தான். பசுவின் இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தால், அசையூண் வயிறு மெல்ல எழும்பி நம் கையைத் தள்ளும். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அது நின்றுபோன மாடுகளை நகரத்தில் நிறையப் பார்க்கிறோம். குப்பைத்தொட்டியில் மேய்ந்து பிளாஸ்டிக் பையோடு சோற்றை விழுங்கியவை அவை. 2019 அக்டோபரில் வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். கணக்கில் அது ஒரு ஆள் எடை. இதைக் கேள்விப்பட்ட பிறகு, தெருவில் மீந்த சாப்பாட்டைப் பையோடு முடிச்சுப் போட்டு வீசுகிறவர்களை நின்று பேசி நிறுத்துவதும் என் பணி என்றே எடுத்துக்கொண்டேன். பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். தன்னார்வப் பணிக்குக் கரை கிடையாது. கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை என்று தெரிந்துவிட்டால் போதும், அடிபட்ட நாய்க்குட்டி, ஜன்னலில் மாட்டிய கிளி, ரத்தமாய்க் கழியும் குட்டி என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். தேர்வுக்கு முந்தின இரவும் வரும். ஒவ்வொன்றும் உண்மையான வலி. ஒவ்வொன்றுக்கும் ஓடினால் மறுநாள் நாம் யாருக்கும் உதவ முடியாது. எங்கள் விடுதியில் இதற்கு முறை போட்டுக்கொண்டோம். இன்று யார் முறையோ அவர் மட்டும் போனை எடுப்பார், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழி சொல்வார், தேவைப்பட்டால் போவார். மற்றவர்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிப்போம், தூங்குவோம். கல் நெஞ்சு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் போகாவிட்டாலும் வேறொருவர் போவார் என்ற ஏற்பாடுதான் ஒரு விலங்குக்குச் செய்யக்கூடிய நம்பகமான உதவி. ஒரே ஆளின் ஆவேசம் ஆறு மாதத்தில் வற்றிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேர்வுக்குத் தேதி உண்டு. முகாமுக்கும் தேதி உண்டு, ஆள் வந்து கூப்பிடுவார்கள். துணி துவைப்பதற்கும், வயிறாரச் சாப்பிடுவதற்கும், அம்மாவோடு பேசுவதற்கும் யாரும் தேதி குறிப்பதில்லை. ஆகையால் நேரம் இல்லாதபோது முதலில் பறிபோவது அவைதான். எனக்குத் தெரிந்த நல்ல மாணவர்கள் பலர் சோர்ந்துபோனதற்குப் பாடம் காரணமில்லை, பணியும் காரணமில்லை. மாதக்கணக்கில் சரியாகத் தூங்காமல், யாரிடமும் விலங்கு அல்லாத எதைப் பற்றியும் பேசாமல் இருந்ததுதான். நான் இரவு எட்டு மணியை வீட்டுக்கென்று வைத்திருக்கிறேன். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, அடுப்பு வேலையும் முடித்து உட்காரும் நேரம் அது.

அந்தப் பேச்சிலும் பாதி மாடுதான் என்பது வேறு விஷயம். “காலையில இருந்து அசை போடல கண்ணு. மூக்கு காஞ்சு கெடக்குது” என்பார். மூக்கு நுனி வறண்டால் காய்ச்சல் இருக்கலாம் என்று நான் பாடத்தில் அறிந்ததை, எந்த வகுப்புக்கும் போகாத அம்மா எப்போதோ அறிந்து வைத்திருக்கிறார். போன முறை சினை மாட்டைப் பற்றி, “வாலடியில ரெண்டு பக்கமும் குழி உளுந்துருச்சு, நாளைக்குள்ள ஈனிரும்” என்றார். ஈனும் நேரம் நெருங்கும்போது இடுப்பெலும்பைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்துபோகும் என்று எங்கள் ஈனியல் புத்தகம் சொல்வதும் அதைத்தான். மறுநாள் விடியற்காலை கிடாரிக் கன்று. சீம்பாலை ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டச் சொன்னேன். “நஞ்சுக்கொடி உளுகற வரைக்கும் பொறுக்கோணும்னு உங்க அப்பத்தா சொல்லுவாங்களே” என்றார். அந்த வழக்கத்தை ஏன் விட வேண்டும், கன்றின் குடல் நோய் எதிர்ப்புப் பொருளை உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான் என்று எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கன்றை மடியில் விட்டார். என் படிப்பு எங்கள் பட்டிக்குள் நுழைந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான்காம் ஆண்டு. தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிக் காணாமல்போகும் நாய்களுக்கும் தீக்காயம் பட்டவற்றுக்குமான முறையை நானே எடுத்துக்கொண்டேன். சென்னையிலேயே வீடுள்ள தோழி, அதற்கு மாற்றாகப் பொங்கல் வாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இன்னொரு பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தால் தை பிறந்து சில நாளில் வருகிறது. அம்மா பட்டிப் பொங்கலுக்கு முன்பே என்கிறார். ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. ஈனியல் நோட்டையும் பையில் வைத்திருக்கிறேன், திரும்பி வந்த வாரமே தேர்வு.